பழைய இங்கிலாந்து பென்னி ஒரு டின் நிறைய இருக்கு, அம்மா கொஞ்சத்தைப் புளி போட்டு வெளக்கிட்டாவ. ஏதாச்சும் தேறுமா?

தாமிரபரணி_கோவென்ட்ரி

எல்லாருக்கும் வணக்கம். நான் கோவென்ட்ரில இருக்கேன், சொந்த ஊரு பாளையங்கோட்டை. பக்கத்து வீட்ல ஒரு வயசான வெள்ளக்காரம்மா இருந்தாங்க, போன மாசம் மக வீட்டோட போயிட்டாங்க, போறப்ப உன் பையனுக்கு வெளையாடக் குடுன்னு ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் தூக்கிக் குடுத்துட்டுப் போனாங்க. தூக்கவே முடியல. தெறந்து பாத்தா முழுக்க பெரிய பெரிய செம்புக் காசு, அந்தக் காலத்து பென்னி. எடை போட்டா 4 கிலோவுக்கு மேல, எண்ணுனா 400க்கு மேல வருது.

பாதிக்கு மேல எலிசபெத் ராணி, அதுலயும் 1967ன்னு போட்டதே கொள்ளையாக் கெடக்கு. மிச்சம் ஜார்ஜ் படம், எட்வர்டு படம், விக்டோரியா ஒரு முப்பது தேறும், அதுல பாதி முகமே தெரியல, மொழுக்குன்னு இருக்கு. தனியா ஒண்ணு மட்டும் தடிமனா பெருசா, 1797ன்னு இருக்கு. என் பையன் அதுக்கு அம்மிக்கல்லுன்னு பேரு வச்சிட்டான்.

கதை என்னன்னா, எங்க அம்மா ஊர்ல இருந்து வந்திருக்காவ, நான் வேலைக்குப் போன நேரத்துல காசெல்லாம் கருத்துப் போயி அசிங்கமா இருக்கேன்னு ஒரு அறுபது எழுபது காசை எடுத்துப் புளியும் உப்பும் போட்டுத் தேச்சு, குத்துவிளக்கு மாதிரி ஆக்கி வச்சிட்டாவ. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றாரு, வெளக்குன காசுக்கு மதிப்பே போயிரும்னு. நெசமா? இன்னொரு கேள்வி, நெட்ல பாத்தா ஒரே வருசத்துக் காசு ஒருத்தன் 50 பென்ஸ்ங்கான், இன்னொருத்தன் 5000 பவுண்டுங்கான். எதை நம்ப? வருசம் பழசாக ஆக வெலை கூடும்னுதான நெனச்சேன்.

செல்லாக்காசு

மொதல்ல அம்மா கையில இருந்து புளியை வாங்கி சாம்பார்ல போடுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். 😀

நான் பதினஞ்சு வருசமா இந்த பென்னி ஒண்ண மட்டும்தான் சேர்க்குறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க. பழசுன்னா வெலைங்கிற நெனப்பை விட்ருங்க. உங்க 1797 அம்மிக்கல் பேரு கார்ட்வீல் பென்னி, பர்மிங்காம் சோஹோல மேத்யூ போல்டன் நீராவி மெஷின் வச்சு அடிச்சது, ஒரு அவுன்ஸ் செம்பு, 28 கிராம் இருக்கும். இருநூறு வருசம் தாண்டியும் தேஞ்ச கார்ட்வீல் பத்து பதினஞ்சு பவுண்டுக்கே கெடைக்குது, ஏன்னா அடிச்சது அவ்ளோ, மிஞ்சினதும் அவ்ளோ. அதுக்கு அப்புறம் நூறு வருசம் கழிச்சு வந்த சில காசு அதைவிடப் பல மடங்கு போகும்.

வெலை எப்பிடி நிக்குதுன்னா, அந்த வருசம் எத்தனை அடிச்சாங்கங்கிறது பாதிக் கதைதான். எத்தனை நல்ல நெலமைல மிஞ்சிச்சுங்கிறதுதான் மீதி, அதுதான் பெரிய பாதி. இதுக்கு ஒரு ஜோடியைச் சொல்றேன். 1951 பென்னி மொத்தமே 120,000 தான். 1919ல தனியார் மின்ட் (காசு அடிக்கிற பட்டறை) ரெண்டுல, அதாவது பர்மிங்காம் ஹீட்டன்லயும் கிங்ஸ் நார்ட்டன்லயும், சேத்து அடிச்சது 50 லட்சத்துக்கு மேல. கணக்குப்படி 1951தான எட்டாத வெலை இருக்கணும்? ஆனா பளபளன்னு இருக்கற 1951 சில பத்து பவுண்டுக்குக் கெடைக்கும், அதே பளபளப்புல 1919 கிங்ஸ் நார்ட்டன் காசு கேட்டா பல நூறு பவுண்ட் எடுத்து வைக்கணும்.

காரணம் என்னன்னா 1950, 51 சமயத்துல இங்க பேங்க்ல பென்னி மலை மாதிரி குவிஞ்சு கெடந்துச்சு, புதுசு தேவையே இல்ல, அடிச்ச கொஞ்சத்தையும் பெர்முடாவுக்கு அனுப்பிட்டாங்க. கம்மியா அடிச்சதுன்னு தெரிஞ்ச டீலருங்க அங்க இருந்து அள்ளிக்கிட்டு வந்துட்டாங்க, காசு பொழங்கவே இல்ல, அப்பிடியே ஆல்பத்துக்குள்ள போயிருச்சு. 1919 காசை எவன் எடுத்து வைப்பான், போர் முடிஞ்ச நேரம், ரொட்டிக்கும் டிராமுக்கும் போச்சு, 1971 வரைக்கும் ஐம்பது வருசம் ஜோப்புக்கு ஜோப்பு ஒரசுச்சு. தேஞ்சது எவ்ளோ வேணாலும் கெடைக்கும், சில பவுண்ட் குடுத்தாப் போதும். தேயாததுக்குத்தான் அடிதடி.

விக்டோரியா மொழுக்குன்னு இருக்குன்னீங்களே, அதுவும் இதேதான். 1860ல செம்பை விட்டுட்டு வெண்கலத்துக்கு மாறினாங்க, அந்தக் கொண்டை போட்ட ராணி காசு 1960கள்ல கூட பஸ் டிக்கெட்டுக்குக் குடுத்தா சில்லறையா வரும். நூறு வருசம் புழங்குன காசுல முகம் எங்க இருக்கும்? 1971 பிப்ரவரி 15ல டெசிமல், அதாவது ஒரு பவுண்டுக்கு நூறு பென்ஸ்ங்கிற புதுக் கணக்கு வந்துச்சு, ஆகஸ்ட் கடைசியோட பழைய பென்னி செல்லாக்காசு ஆயிருச்சு. என் யூசர்நேமும் அதுல இருந்துதான்.

இப்ப உங்க டின்ல தேட வேண்டியது. 1967 எல்லாத்தையும் தூக்கிப் பையன் கிட்ட குடுத்துருங்க, அது 65 கோடிக்கு மேல அடிச்சது, 1967ன்னு தேதி போட்டே அடுத்த வருசங்கள்லயும் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நெட்ல 5000 பவுண்டுன்னு போடுறவன் கேக்குற வெலையைப் பாக்காதீங்க, வித்து முடிஞ்ச வெலைன்னு தனியா ஒரு ஃபில்டர் இருக்கும், அதை மட்டும் பாருங்க. கேக்குறதுக்குக் காசா பணமா.

1912, 1918, 1919 மூணையும் தனியா எடுத்து வருசத்துக்கு எடது பக்கம் பாருங்க. சின்னதா ஹெச் இருந்தா ஹீட்டன், கேஎன் இருந்தா கிங்ஸ் நார்ட்டன். விக்டோரியால 1874ல இருந்து 1882 வரைக்கும் சில வருசத்துல ஹெச் வருசத்துக்குக் கீழ இருக்கும், அதுல 1875 ஹெச் கொஞ்சம் கஷ்டம். 1869, 1871 இருந்தா உடனே இங்க வந்து சொல்லுங்க, 1869 எல்லாம் சுமாரா இருந்தாலே நல்ல வெலை, புதுசு மாதிரி இருந்தா ஆயிரக்கணக்குல. 1902ல காசோட பின்பக்கம் உக்காந்திருக்கற பொம்பளை உருவம் இருக்குல்ல, பிரிட்டானியான்னு பேரு, அதுக்குப் பின்னாடி கடல் கோடு எங்க இருக்குன்னு பாருங்க, வழக்கத்தைவிடக் கீழ இருந்தா அதுக்கு லோ டைட்னு பேரு, கொஞ்சம் கூடப் போகும்.

வெளக்குன காசு பத்தி வேற யாராச்சும் சொல்லுங்கப்பா, எனக்கு நெஞ்சு வலிக்குது.

தேம்ஸ்கரை

தங்கச்சி, நான் லண்டனில முப்பது வருசமா இருக்கிறன், ஞாயிற்றுக்கிழமையில கார் பூட் சேலுக்குப் போய் இப்பிடியான டின்னுகள் எத்தினையோ பாத்திட்டன். உங்கட அம்மா செய்ததை நானும் ஒருக்காச் செய்தனான், அதால குறை சொல்ல மாட்டன். நான் தேசிக்காயும் உப்பும், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்ன நடக்குதெண்டால், வெண்கலக் காசில மேல இருக்கிற கபில நிறம் ஊத்தை இல்லை, அது அந்த உலோகத்தின்ர தோல். காத்தோட சேர்ந்து வருசக்கணக்கா மெல்ல மெல்ல வந்தது. புளி அந்தத் தோலை உரிச்சுப் போடுது, உள்ளுக்கு இருந்து ஒரு ரோஸ் கலந்த செம்மஞ்சள் நிறம் வரும், அது மின்ட்டில இருந்து வந்த மினுக்கம் மாதிரி இல்லை, பழகின கண்ணுக்கு ஆறடி தூரத்திலயே தெரிஞ்சிடும். மின்ட் லஸ்டர் எண்டது வெளிச்சத்தில காசைச் சாய்க்கேக்க சுத்தி ஓடும், வெளக்கினது சும்மா தட்டையா மினுங்கும். அதோட தேய்ச்ச கோடுகள் மயிர் மாதிரி இருக்கும், அது போகாது. நிறம் பத்துப் பதினைஞ்சு வருசத்தில திரும்ப இருளும், கோடு இருளாது.

அதுவும் 1944, 45, 46 வருசக் காசுகள் இருந்ததோ அந்த வெளக்கினதுக்குள்ள? அதைக் கேக்கத்தான் இதை எழுதினனான். அந்த வருசக் காசுகளை மின்ட்டே கறுப்பாக்கித்தான் வெளியில விட்டது, ஹைப்போ எண்டு பழைய போட்டோக் கழுவுற மருந்து, அதில முக்கி. புதுசாப் பளபளத்தால் சனம் ஒளிச்சு வைச்சிடும் எண்டு. 1934இலயும் அப்பிடிச் செய்தவை. ஆக, அந்தக் கறுப்பு காசு பிறக்கேக்க வந்த நிறம். அதை வெளக்கினால் ஊத்தையைத் துடைக்கேல்லை, ஒரிஜினலைத் துடைக்கிறியள்.

பயப்பிடாதேங்கோ, 45ஆம் ஆண்டுக் காசு தேய்ஞ்சதெண்டால் எப்பிடியும் சதத்துக்குத்தான் போகும், அம்மாவில கோவிக்காதேங்கோ. இனிமேல் ஒட்டின மண்ணை எடுக்க வேணுமெண்டால் வெறும் தண்ணியில, வடிச்ச தண்ணியெண்டால் இன்னும் நல்லது, ஊற வைச்சு மெத்தெண்ட துணியில ஒத்தி எடுங்கோ. பிசுக்குக்கு சுத்தமான அசிட்டோன், நகப்பூச்சு எடுக்கிற சாமான் இல்லை, அதில வேற எண்ணெய், வாசம் எல்லாம் கலந்திருக்கும்.

தாமிரபரணி_கோவென்ட்ரி

அய்யோ அண்ணே, வெளக்குனதுல 1945 மட்டும் ஒம்போது இருக்கு!! ரொம்பக் கருப்பா இருந்ததைத்தான் மொதல்ல எடுத்தேன்னு அம்மா பெருமையா வேற சொல்லுதாவ. நீங்க எழுதுனதை வாசிச்சுக் காட்டுனேன், "கருப்பாவே செஞ்சு விட்டானாக்கும், இவன் என்ன கிறுக்கனா"ன்னு கேக்காவ, எனக்குப் பதில் தெரியல.

சரி, 1919 பதினோரு காசு இருக்கு, ஒண்ணுல மட்டும் வருசத்துக்கு எடது பக்கம் ஏதோ கொசு உக்காந்த மாதிரி இருக்கு. ராசா தலை நல்லாத்தான் இருக்கு, ஆனா பின்னாடி பிரிட்டானியா முகம் அழிஞ்சு கெடக்கு. ஒரு பக்கம் மட்டும் எப்பிடித் தேயும்? இதை எந்த கிரேடுல சேக்க?

செல்லாக்காசு

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்!

அது தேய்மானமா இல்லாமக் கூட இருக்கலாம். ஜார்ஜ் 5 காலத்து அச்சுல ராஜா தலை ரொம்ப ஆழம், அச்சு ஒரு போடு போடுறப்ப உலோகமெல்லாம் தலைப்பக்கம் போயிரும், பூப்பக்கம் நிரம்பப் போதாது. அதனால பிரிட்டானியா முகமும் மார்பும் பொறக்கும்போதே சப்பையா இருக்கும், சில காசுல ராஜா தலையோட நெழலே பின்பக்கம் தெரியும், அதைத்தான் கோஸ்ட்டிங்னு, பேய்னு சொல்வாங்க. மின்ட்டே வருசக்கணக்கா இதோட மல்லுக்கட்டி, கடைசில 1926ல இருந்து தலையைக் கொஞ்சம் மாத்தி, அப்புறம் தலையோட அளவையும் கொறச்சுத்தான் சரி பண்ணாங்க. 1918, 19 கேஎன் காசுல இந்தச் சப்பை அடி ரொம்ப சகஜம்.

அடிச்சப்பவே சப்பையா, பொறகு தேஞ்சதான்னு எப்பிடிக் கண்டுபுடிக்கிறதுன்னா, ராஜா காதுக்கு மேல முடி இருக்குல்ல, அதுல ஒவ்வொரு கீத்தும் தனியாத் தெரியுதா பாருங்க, தாடி, மீசையும் பாருங்க. அங்க நல்லா இருந்து முகம் மட்டும் சப்பைன்னா அடி சரியில்ல. தேஞ்ச எடம்னா மேட்டுல நெறம் மாறியிருக்கும், பள்ளத்துல ஒரு நெறம் மேட்டுல ஒரு நெறம்னு. அடி சரியில்லாத எடத்துல மேடு பள்ளம் ரெண்டுலயும் ஒரே நெறம்தான்.

கிரேடு பேரெல்லாம் இங்கிலாந்துல கொஞ்சம் ஏமாத்து வேலை, கவனமா இருங்க. குட்னு எழுதியிருந்தா நல்லதுன்னு அர்த்தமில்ல, தேஞ்சு போச்சுன்னு அர்த்தம்! ஃபைன்னா சுமாரா தேஞ்சது, முக்கியமான கோடெல்லாம் தெரியும். விஎஃப்னா மேட்டுல லேசா ஒரசல். ஈஎஃப்னா உத்துப் பாத்தாத்தான் ஒரசல் தெரியும். அன்சர்க்குலேட்டட்னா பொழங்கவே இல்ல. பென்னில ஈஎஃப்ல இருந்து அதுக்கு மேல போறதுதான் செங்குத்தா ஏறும், அதனாலதான் விக்கிறவன் எல்லாம் விஎஃபை ஈஎஃப்னு சொல்லுவான். வாங்குறவன் எல்லாம் ஈஎஃபை விஎஃப்னு சொல்லுவான். நானும்தான்.

இது வருசம் எப்பிடின்னாலும் ஒண்ணுதான். சாதா 1919, எழுத்து எதுவும் இல்லாதது, தேஞ்சா பத்து இருபது பென்ஸ் கூட யாரும் தர மாட்டாங்க. ஆனா அதே சாதா 1919 தோல் முழுக்க மின்ட் செவப்போட இருந்துச்சுன்னா ரெஸ்பெக்ட் வந்துரும். அரிய வருசம் தேஞ்சிருந்தாலும் ஓரளவு தாங்கும், சாதா வருசம் தேஞ்சா பழைய பித்தளைக் கடைதான்.

அந்தக் கொசுவை சாய்ச்ச வெளிச்சத்துல லென்ஸ் வச்சுப் பாருங்க. ஹெச்னு ஒரே எழுத்தா, கேஎன்னு ரெண்டு எழுத்தா?

ஜெர்சி_மச்சி

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், நான் அமெரிக்கா பக்கம். இங்கயும் பென்னின்னுதான் சொல்றோம் ஆனா காசுல ஒன் சென்ட்னுதான் இருக்கும், வெலைப் பட்டியல் பாக்கறப்ப ரெண்டையும் கொழப்பிக்காதீங்க, எங்க மாமா ஒருத்தர் அப்பிடித்தான் இங்கிலாந்து பென்னியை லிங்கன் பென்னி வெலைல போட்டு அரை நாள் லட்சாதிபதியா இருந்தாரு.

கிரேடு பத்திப் பேசினதால ஒண்ணு சொல்லத் தோணுது. இங்க 1ல இருந்து 70 வரைக்கும் மார்க் போடறாங்கல்ல, அந்த அளவுகோலே வில்லியம் ஷெல்டன்னு ஒருத்தர் 1949ல பழைய பெரிய சென்ட் காசுக்காகப் போட்டதுதான். 1ங்கிறது அடையாளம் மட்டும் தெரியற காசு, 70ங்கிறது குறையே இல்லாதது, 70 மார்க் காசு 1 மார்க் காசோட எழுபது மடங்கு வெலைக்குப் போகும்ங்கிற கணக்கு. அதாவது மார்க்கே வெலையாத்தான் பொறந்துச்சு. இப்ப அந்த மடங்கெல்லாம் எப்பவோ கிழிஞ்சு போச்சு, மார்க் மட்டும் நிக்குது.

செம்புக் காசுன்னா இங்க மார்க்கோட கலரையும் சேத்துச் சொல்வாங்க, ரெட், ரெட் பிரவுன், பிரவுன்னு. மார்க் ஒண்ணா இருந்தாலும் செவப்பு மாறாத காசுக்குப் பிரவுனைவிட எவ்வளவோ கூட. 1909 எஸ் விடிபின்னு ஒரு சென்ட் (எஸ்னா சான் பிரான்சிஸ்கோ மின்ட்) எங்க ஊரு சூப்பர் ஸ்டார், 484,000 தான் அடிச்சது, டிசைன் பண்ண விக்டர் டேவிட் பிரென்னர் பேரோட முதல் எழுத்துகள் ரொம்பப் பெருசா இருக்குன்னு சத்தம் வந்து சில நாள்லயே எடுத்துட்டாங்க. புது டிசைன்னு அப்பவே நெறையப் பேரு எடுத்து வச்சதால நல்ல காசும் மிஞ்சிச்சு, ஆனா இன்னிக்கு வரைக்கும் கேக்கறவன் அதைவிட அதிகம், அதனால தேஞ்சதே நூத்துக்கணக்குல டாலர். மிஞ்சினது எவ்வளவுன்னு பாத்தா மட்டும் போதாது, வேணும்ங்கிறவன் எவ்வளவுன்னும் பாக்கணும் செல்லாக்காசு சார்.

செல்லாக்காசு

ஒத்துக்குறேன் மச்சி, அதை விட்டுட்டேன். இங்க 1933 பென்னி அந்த மாதிரிதான். அந்த வருசம் பேங்க்ல பென்னி தேவைக்கு மேல இருந்ததால பொழக்கத்துக்குன்னு அடிக்கவே இல்ல, கட்டடத்துக்கு அடிக்கல் போடுறப்ப அந்த வருசக் காசு வைக்கிற பழக்கத்துக்காகவும் மியூசியத்துக்காகவும் மட்டும் கொஞ்சம் அடிச்சாங்க, ஏழுதான் இருக்குன்னு கணக்கு. லீட்ஸ் பக்கம் ஒரு சர்ச்ல 1970ல திருடன் அடிக்கல்லையே பேத்து எடுத்துட்டுப் போயிட்டான். ஆனா பாருங்க, 1954 பென்னி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதைப் பத்தி ரோட்ல போறவங்களுக்குத் தெரியாது, 1933ன்னா எல்லா வீட்டுலயும் தாத்தா டின்னைக் கவுத்திருப்பாரு.

அதனாலயே போலியும் அதுக்குத்தான் அதிகம். தங்கச்சி, டின்ல 1933 இருந்தா சந்தோசப்படாதீங்க, கடைசி எண்ணைச் சுரண்டி மாத்தியிருப்பாங்க இல்லன்னா சுத்தமா டூப்ளிகேட்டா இருக்கும். 1882லயும் ஹெச் இல்லாத காசு ரொம்ப அரிது, அதுல ஹெச்சைச் சுரண்டி எடுத்து விக்கிற புண்ணியவான்கள் இருக்காங்க, அந்த எடம் கொஞ்சம் குழிஞ்சிருக்கும்.

தாமிரபரணி_கோவென்ட்ரி

1933 இல்ல, நிம்மதி. 1869, 71ம் இல்ல.

ஆனா கொசு ரெண்டு எழுத்துதான்! கேஎன்! பையனோட ஸ்கூல் லென்ஸ் வச்சு, டார்ச்சை மேசையோட மட்டத்துல புடிச்சு அடிச்சப்ப தெரிஞ்சிச்சு. சனிக்கிழமை இங்க ஒரு காசு ஃபேர் நடந்துச்சு, கொண்டு போயி ரெண்டு டீலர் கிட்ட காட்டுனேன், செல்லாக்காசு அண்ணன் சொன்ன மாதிரி ஒருத்தரு ஃபைன்னாரு, இன்னொருத்தரு ஃபைனுக்குக் கொஞ்சம் மேலன்னாரு. முடிக் கீத்து முக்காவாசி போயிருச்சாம், ஆனா முகம் சப்பையா இருக்கறது அடி கொறதான்னு ரெண்டு பேருமே சொன்னாங்க. வெளக்காம இருக்கே, அதுவே நல்லதுன்னு ஒருத்தரு சொன்னாரு, அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு இங்கிலீஷ் புரியாத மாதிரி எங்கயோ பாத்தாவ. பெரிய தொகை எல்லாம் இல்ல, ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசு. விக்கல. டின் குடுத்த அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன், அவங்க அப்பா டிராம் கண்டக்டராம், அந்தச் சில்லறைல இருந்து சேத்ததுதானாம். எவ்ளோ கை மாறி வந்திருக்கும்.

வெளக்குன காசெல்லாம் பையனுக்கு. கடை வெளையாட்டு நடக்குது, நான் ஒரு தக்காளிக்கு அஞ்சு பென்னி குடுத்துக்கிட்டு இருக்கேன்.

தேம்ஸ்கரை

நல்லது தங்கச்சி. கேஎன் காசைப் பிளாஸ்டிக் கவருக்குள்ள போடேக்க பிவிசி இல்லாததாப் பாத்துப் போடுங்கோ, இல்லாட்டிப் பச்சைக் களிம்பு பிடிச்சிடும். விளிம்பில பிடிச்சுத் தூக்குங்கோ, விரல் அடையாளம் செம்பில பதிஞ்சால் போகவே போகாது.

செல்லாக்காசு

ஒண்ணு கேக்க மறந்துட்டேன். 1926 எத்தனை இருக்கு? தலையை மாத்தினாங்கன்னு சொன்னேன்ல, அந்த வருசம் பழைய தலையும் இருக்கு புதுத் தலையும் இருக்கு, புதுத் தலை போட்டதுதான் கம்மி. ராஜா கழுத்து வெட்டுல செதுக்கினவர் பேரு எழுத்து பிஎம்னு இருக்கும். நடுவுல, புள்ளியோட இருந்தா பழசு. புள்ளி இல்லாம கழுத்துப் பின்பக்கமாத் தள்ளி இருந்தா புதுசு. தேஞ்சிருந்தாக் கூட இது கொஞ்சம் காசு.

தாமிரபரணி_கோவென்ட்ரி

1926 மூணு இருக்கு. அதுல ரெண்டு புளில குளிச்சது. 😭 மூணாவதுல பிஎம் எங்க இருக்குன்னு பையன் தூங்குனதும் லென்ஸை எடுத்துப் பாத்துட்டுப் போட்டோ போடுதேன்.